இனிப்புநீர்ப் புண்ணுக்கு வேப்பிலையும் வெள்ளியும் மருந்தாகுமா?

செருப்பு கடித்த சிறு காயம்தான். ஆனால் இனிப்புநீர் உள்ளவருக்கு அது தெரிவதே இல்லை. நரம்பு மரத்துப்போயிருப்பதால் வலி இல்லை. சீழ் வடிந்து வாடை வரும்போதுதான் கவனிக்கிறார். மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுப் பிரச்சினை அல்ல.

இத்தகைய புண் ஏன் ஆறுவதில்லை? காலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும். உட்கொள்ளும் எண்டிபயாடிக் மருந்து புண் இருக்கும் இடத்திற்குப் போதிய அளவில் போய்ச் சேராது. கிருமிகளோ பிசின் போன்ற ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு அதனுள்ளே கூட்டமாக வாழ்கின்றன. அவற்றுள் சில, வழக்கமான மருந்துகளுக்கு அசைந்து கொடுப்பதில்லை.

இங்கேதான் வெள்ளியின் மீது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியது. வெள்ளி புதிய மருந்தன்று. தீப்புண்ணுக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு 1968-இல் அறிமுகமானது. புதியது, அதை நானோ துகளாக்குவது. அதாவது, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்க்கிறார்கள். நிறமற்ற கரைசல் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. இலையிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உலோகமாக்குகின்றன. உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் போர்வையாகவும் நிற்கின்றன. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004-இலேயே வேப்பிலைச் சாற்றில் இதைச் செய்து காட்டினர். அத்துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள் கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன, உள்ளிருக்கும் புரதங்களையும் முடக்குகின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் அடி விழுவதால் கிருமி தப்புவது கடினம். ஆனாலும் வெள்ளியைத் தாங்கும் கிருமிகளும் உண்டு.

ஆய்வகத் தட்டில் கிருமி செத்தது என்றால் காலில் புண் ஆறிவிடும் என்று பொருளா? இல்லை. தட்டில் சீழும் இல்லை, அடைபட்ட இரத்தக் குழாயும் இல்லை. அளவு கூடினால், புண்ணை மூட வேண்டிய தோல் செல்களையே வெள்ளி கொல்லும். மூலிகையில் செய்தது என்பதால் அந்த நஞ்சு போய்விடாது. விளம்பரக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமும் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, கிருமி தொற்றிய பாதப் புண்ணுக்கு வெள்ளி மருந்துகளைப் பூச வேண்டாம் என்றே ஆலோசனை கூறுகிறது. பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இன்னும் சேரவில்லை.

ஆக, இன்றைக்குப் புண்ணைக் காப்பது பழைய வழிதான்: செத்த சதையை மருத்துவர் அகற்றுவது, புண்மீது பாரம் விழாமல் பார்ப்பது, சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பது, கிருமிக்கேற்ற எண்டிபயாடிக், தேவைப்பட்டால் இரத்தக் குழாய் அடைப்பை நீக்குவது. புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெள்ளிக் கிண்ணத்தில் வேப்பிலையை ஊறவைத்தால் இத்துகள் கிடைக்காது. அதற்கு வெள்ளி உப்பு வேண்டும். புட்டியில் விற்கும் வெள்ளி நீரைக் குடித்து வந்தவர்கள் சிலருக்குத் தோல் சாம்பல் நீலமாக மாறியிருக்கிறது. அந்த நிறம் பொதுவாக மறைவதில்லை.