பழுதான சிறுநீரகமும் மச்சைக் கலங்களும்

மகியங்கனைக்கு அப்பாலுள்ள கிராந்துருகோட்டையிலிருந்து கண்டிக்கு வருவோர் பதினெட்டு வளைவு வீதியில் ஏறி வரவேண்டும். நல்ல உடம்பினருக்கே தலைசுற்றும் பாதை அது. மகாவலிக் குடியேற்றங்களில் வயல் செய்து வாழும் அப்பகுதி மக்களுட் சிலர், சிறுநீரக நோயாளராக, அவ்வழியே கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து மீள்கின்றனர். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவரையும் பற்றும் இந்நோய், 1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்திலே முதலிற் கவனிக்கப்பட்டது. நீர், நிலம், கிருமிநாசினி, வெயில் என்று பலவற்றின்மீதும் ஐயங்கொண்டு ஆராய்ந்தும், இன்னதுதான் காரணமென்று அறுதியிட்டுரைக்க எவராலும் இயலவில்லை. கண்டி நகரத்தாருக்கோ, நீரிழிவு என்னும் பழைய பகைவன் ஒருவனே போதும்.

இத்தகைய குடும்பங்களின் காதிலே ஒரு புதுச் செய்தி விழுந்து வருகிறது. ‘கல சிகிச்சை செய்தால் பழுதான சிறுநீரகம் மீண்டும் தளிர்க்குமாம், குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் வேண்டாமாம், மாற்றுச் சிறுநீரகமும் வேண்டாமாம்’ என்பதே அது. வாரத்தில் இரண்டு மூன்று முறை, மணிக்கணக்காக அவ்வியந்திரத்தோடு பிணைந்து கிடப்பவரின் வீட்டார் இதைக் கேட்டால், காணியை ஈடு வைக்கவும் பின்னிற்பாரோ? ஆதலின் இதில் மெய் எவ்வளவு என்பதைச் சற்றே நிதானமாக நோக்குவோம்.

நமது என்பு மச்சையில் குருதியை ஆக்கும் கலங்களோடு, அவற்றைத் தாங்கிப் பேணும் வேறொரு வகைக் கலங்களும் உள்ளன. ‘ஸ்ட்ரோமல்’ கலங்கள் என்று வைத்தியர் கூறுவன இவையே. பலர் வேலை செய்யும் அடுக்களையில், தாம் அகப்பை பிடியாமலே யாவரையும் இணக்கி வைக்கும் பாட்டியாரை ஒப்பன இவை. மொஸ்கோவில் பிரீடன்ஸ்டைன் என்னும் அறிஞர் 1960, 1970ஆம் ஆண்டுகளில் இவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். 1991இல் அமெரிக்க அறிஞர் ஆனல்ட் கப்ளன் இவற்றுக்குத் தண்டுக்கலம் என்னும் கருத்துப்படப் பெயர் சூட்டினார். அப்பெயரே பின்னாளில் மயக்கத்துக்கு வித்தாயிற்று. தண்டிலிருந்து கிளை வருவதுபோல இக்கலத்திலிருந்து புதுச் சிறுநீரகம் முளைக்குமென்று மக்கள் எண்ணினர். பெயரை மாற்றவேண்டுமென்று 2017இல் கப்ளனே எழுதினார் என்றால், வேறு சாட்சி எதற்கு?

நாளத்தின் வழியே ஏற்றப்படும் இக்கலங்களிற் பெரும்பாலானவை சுவாசப்பையிலே தங்கிச் சில நாளில் அழிந்துவிடுகின்றன. ஆனால், அழியுமுன் அவை விடுக்கும் இரசாயனத் தூதுகள் உடலின் அழற்சியைத் தணிக்கவல்லன. இந்தத் தணிவே சிகிச்சையின் பயன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உள. வடுவாகிப்போன வடி மீண்டும் உயிர்ப்பதில்லை. எரிந்துகொண்டிருக்கும் வடியை வடுவாகாமற் காக்கலாமோ என்பதே ஆராய்ச்சியாளரின் வினா. ‘பழுது பார்த்தல்’ என்னும் சொல்லுக்கு இங்கே இவ்வளவுதான் பொருள்.

நீரிழிவினாற் சிறுநீரகம் நலிந்தவர்களிடம் இத்தாலி, அயர்லாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளின் வைத்தியர்கள் கூடி நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2023இல் வெளியாயிற்று. நலமுள்ள பிறரின் மச்சையிலிருந்து பெற்று வளர்த்த எட்டுக் கோடிக் கலங்கள் ஒரேயொரு முறை 12 பேருக்கு ஏற்றப்பட்டன. வேறு 4 பேருக்கு வெறும் திரவம். பதினெட்டு மாதம் கவனித்தபோது, கலம் பெற்றோரின் சிறுநீரகங்கள் ஏனையோரினும் மெதுவாகவே தளர்ந்தன. சிகிச்சையும் தீங்கின்றி முடிந்தது. மகிழத்தக்க செய்திதான். எனினும் பதினாறு பேரைக் கொண்டு உலகுக்கு விதி வகுக்க முடியுமா? இருதய சத்திரசிகிச்சைக்குப்பின் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட 156 பேரிடம் வட அமெரிக்காவில் நடந்த மற்றொரு பரிசோதனையில், கலம் பெற்றவர் பெறாதவரினும் விரைவிற் குணமடையவில்லையென்று 2018இல் அறிவித்தார்கள். தோல்வியையும் ஒளியாது அச்சிட்டார்களே, அது பாராட்டுக்குரியது.

ஒளிக்கும் இடங்களும் உண்டு. தாய்லாந்தில், சிறுநீரக நோயுற்ற ஒரு பெண்மணிக்குத் தனியார் நிலையமொன்றில் அவருடைய குருதியிலிருந்தே பிரித்த தண்டுக்கலங்களைச் சிறுநீரகத்தினுள் நேரே ஊசியால் ஏற்றினர். இவை நாம் மேலே கூறிய கலங்கள் அல்ல, வேறு வகையின. சிறுநீரகம் தேறாதது மட்டுமன்று, ஊசி சென்ற இடத்தில் குருதிக் குழாய்களும் மச்சைக் கலங்களும் திரண்ட கட்டிகள் எழுந்தன. ஒரு சிறுநீரகத்தையே அகற்ற நேர்ந்தது. பின்னர் அவர் இறந்தார். 2010இல் வைத்திய சஞ்சிகையில் வெளிவந்த விவரம் இது. மெய்யான ஆராய்ச்சியிற் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்கெனப் பணம் பெறுவது வழக்கமன்று என்பதையும் வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். இலட்சக் கணக்கில் முற்பணம் கேட்பவரிடம், ‘இது எத்தனை பேரிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது? முடிவு எங்கே வெளியாயிற்று?’ என்று வினவுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

நாளை இச்சிகிச்சை நிலைபெற்றுக் கண்டிக்கே வந்தாலும், வடிகளிற் பெரும்பகுதி இன்னும் உயிரோடிருப்பவருக்கே அது உதவும். சிறுநீரகமோ பாதி வலுவை இழக்கும்வரை முறையிடாத உறுப்பு. வீக்கமும் வாந்தியும் கண்டு புறப்படுபவர் பெரும்பாலும் காலங்கடந்தே வருகிறார். நீரிழிவுள்ளோர் ஆண்டுதோறும் சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்று பார்ப்பின், கேட்டை முளையிலே அறியலாம். கிராந்துருகோட்டைப் பகுதி நோயில் நிலைமை வேறு. அங்கே முதலிற் கெடுவன வடிகளை அடுத்துள்ள நுண்குழாய்களும் இடையிழையமும் ஆதலால், சிறுநீரில் அல்புமின் அதிகம் தோன்றாமலே நோய் முற்றக்கூடும். அப்பக்கத்து உழவர்கள் சிறுநீர்ச் சோதனையோடு நில்லாது, குருதியிலுள்ள கிரியேட்டினின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சிறு குழாய்க் குருதியே போதுமானது.