கயிற்றுக்கு அப்பால் பத்தடி

2023 பிப்ரவரி 1 அன்று காஷ்மீரின் குல்மார்க்கில், அஃபர்வாத் மலையின் ஹப்பத்குட் பகுதியில் பனிச்சரிவு ஏற்பட்டது. பனிச்சறுக்குக்காக வந்திருந்த போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். வெளிநாட்டவர் 19 பேரும் உள்ளூர் வழிகாட்டிகள் இருவரும் மீட்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 22இல் அதே குல்மார்க்கில் ரஷ்யர் ஒருவர் பலியானார். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கோண்டோலா ரோப் கார் ஓடும் மலைதான் இது. பனிமலை விபத்து என்றால் மனித வாசனையே இல்லாத சிகரங்களில் நடப்பது என்று நினைக்கிறோம். உண்மையில், குறியிட்ட பாதையை ஒட்டியிருக்கும் சரிவுகளை நான் அதிகம் அஞ்ச வேண்டியவையாகக் கருதுகிறேன். தொலைதூர மலைக்குப் போகிறவர் ஆபத்தை எதிர்பார்த்தே கிளம்புகிறார். பாதையிலிருந்து சற்று விலகுகிறவருக்கோ, தான் பாதுகாப்பை விட்டு வெளியேறிவிட்டோம் என்ற உணர்வே வருவதில்லை.

குறியிட்ட பாதையின் பாதுகாப்பு இயற்கை தந்தது அன்று. ஆட்கள் உழைத்து உண்டாக்கியது. எந்திரங்கள் இரவெல்லாம் பனியை அழுத்திச் சமன் செய்கின்றன. பெரும்பனி பெய்த மறுநாள், காவல் குழுவினர் மேற்சரிவுகளில் வெடி வைத்து, விழக் காத்திருக்கும் பனியை ஆளில்லாத நேரத்தில் விழவைக்கிறார்கள். ஐயம் இருந்தால் பாதையை மூடிவிடுகிறார்கள். ஓயாமல் பலர் சறுக்குவதாலும் பனியின் அடுக்குகள் கலைந்து இறுகுகின்றன. இவ்வளவும் எல்லைக் கயிற்றோடு நின்றுவிடுகிறது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருப்பதும் அதே மலை, அதே சாய்வு, அதே வெண்மை. பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ஆனால் அங்கே பனி எப்படிப் பெய்ததோ அப்படியே கிடக்கிறது. ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் பாளமாகப் பெயரும் பனிச்சரிவு. வானம் தெளிந்த கடுங்குளிர் இரவுகளில், ரவை போல ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களின் அடுக்கு பனியில் உருவாகும். அதன்மேல் புதுப்பனி விழுந்து காற்றில் இறுகினால், பிடிமானமில்லாத அடுக்கின் மேல் கனத்த பாளம் ஒன்று அமர்ந்துவிடும். அப்புறம் ஒருவரின் எடையே போதும்; அடியில் விழும் முறிவு நொடிகளில் சரிவு முழுவதும் ஓடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது மிகுதி. தேர்ந்த சறுக்கர்கள் தேடிப்போகும் சாய்வும் அதுவே. இத்தகைய மரணங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில், பனியைப் பெயர்த்தவர் இறந்தவரோ அவருடன் வந்தவரோதான்.

முன்னே போனவர்களின் தடம் இருக்கிறதே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. பாளத்தின் தடிப்பு எங்கும் ஒன்றுபோல் இருக்காது. முதல் ஐந்து பேர் தடித்த இடத்தைக் கடந்திருக்கலாம். ஆறாமவர் மெலிந்த இடத்தை மிதிக்கலாம். ஆபத்தான சரிவுகூடப் பெரும்பாலான முறை பெயராமலே இருந்துவிடும் என்பதுதான் இதில் கொடுமை. பிழைத்துத் திரும்பிய ஒவ்வொரு முறையும் தன் கணிப்பு சரி என்றே மனிதர் எண்ணிக்கொள்கிறார். அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன் 700க்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்தபோது, பழகிய இடங்களில் பயிற்சி பெற்றவர்களே எச்சரிக்கையைத் தளர்த்துவதைக் கண்டார். 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையத்தின் எல்லைக்கு வெளியே, டனல் கிரீக் சரிவில் மூவர் இறந்தார்கள். அந்தக் குழு திறமையில் குறைந்ததல்ல. மலையை நன்கறிந்த பலர் அதில் இருந்தார்கள்.

உதவி பக்கத்திலேயே இருக்கிறது என்பது இன்னும் வலுவான வாதம். கைக்கெட்டும் தூரத்தில் காவல் குழு, மருத்துவர், ஹெலிகாப்டர். புதைந்தவரைக் கண்டுபிடிக்க டிரான்ஸ்சீவர் கருவி. இவற்றால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பனிக்குள் நேரம் வேறு கணக்கில் ஓடுகிறது. முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. நின்றுபோன பனிக் குவியல் உடனே கெட்டிப்படுவதால் தோண்டுவதும் எளிதல்ல. ஆகவே காப்பாற்றக்கூடியவர் உடன் வந்தவர் மட்டுமே, அதுவும் அவரிடம் கருவியும் மண்வெட்டியும் பயிற்சியும் இருந்தால். நெதர்லாந்து இளவரசர் ஃப்ரிசோ 2012 பிப்ரவரி 17 அன்று ஆஸ்திரியாவின் லெக் நகரருகே, குறியிட்ட பாதைக்கு வெளியே புதைந்தார். ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை அளவில் அன்று நான்காம் படி. வசதிகள் நிறைந்த ஆல்ப்ஸ் மலை ஊர் அது. மீட்டும் அவருக்கு முழு நினைவு திரும்பவில்லை. 2013 ஆகஸ்டில் இறந்தார்.

என் உயிர், என் முடிவு என்பவர்களுக்கு மலையேறும் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர்ந்த பனி கீழே இருப்பவர் மேலும் விழும். தேடிவரும் மீட்புக் குழுவினரும் அதே சரிவில்தான் கால் வைக்க வேண்டும். எல்லையைத் தாண்டுவதைத் தடைசெய்யச் சொல்லவில்லை. தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்ட வேண்டும். குல்மார்க்குக்குப் போகிறவர்கள் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எச்சரிக்கை மூன்றாம் படியில் இருந்தால், ‘நடுத்தரம்தானே’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; ஐரோப்பாவில் அந்தப் படி அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் பலர் இறந்திருக்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொன்னால் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள்.