சுருங்கிய இரைப்பையும் புதிய உணவு முறையும்



உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிற் செய்யப்படும் சத்திரசிகிச்சையைப் பற்றிய பேச்சை இப்பொழுது பதுளை நகரிலும், அதனைச் சூழ்ந்த பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலுங்கூட ஆங்காங்கே கேட்க முடிகின்றது. கொழும்பிலுள்ள பெரிய வைத்தியசாலைகள் சிலவற்றில் இச்சிகிச்சை நடைபெறுகின்றது. அங்கே சென்றால் எத்தனை நாள் தங்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எத்தனை கிலோ குறையும் என்று கேட்போர் பலர். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் என்ன உண்பது, எவ்வளவு உண்பது, எப்படி உண்பது என்று கேட்போர் மிகச் சிலரே. உண்மையில், சத்திரசிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது. அதன் பயன் நிலைப்பதும் நிலையாமற் போவதும் அடுப்படியிலேதான் தீர்மானிக்கப்படுகின்றன. இன்றைய பேச்சின் பொருள் அதுவே.

தேயிலைத் தோட்டத்திற் பருமனா என்று சிலர் வியக்கலாம். அந்த வியப்பிற்குக் காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதிற்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். எனினும், மெலிந்த பிள்ளை வளரும் அதே லயத்து வீட்டில், உடல் பருத்து நீரிழிவும் இரத்த அழுத்தமும் கொண்ட தாயோ பாட்டியோ இருப்பதும் இன்று அரிதன்று. இரண்டிற்கும் வேர் ஒன்றே. கோதுமை மாவும் சீனியும் எண்ணெயும் வயிற்றை நிரப்புகின்றன. முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவை தட்டிற் சிறிதளவே இடம் பெறுகின்றன. மலையேறிக் கொழுந்து பறித்த உடல், ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்த பின்னும் பழைய அளவிலேயே உண்ணுமாயின், எஞ்சியது கொழுப்பாகச் சேர்கின்றது.

எடை மிகுந்த எல்லோர்க்கும் இச்சிகிச்சை உரியதன்று. கிலோகிராமிற் கணித்த எடையை, மீற்றரிற் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். ஒன்றரை மீற்றர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு இவ்வெண் 35க்குச் சற்று மேல் வரும். 35ஐ எட்டியவர்க்கும், 30ஐ எட்டி நீரிழிவு போன்ற நோயும் உடையவர்க்கும் சத்திரசிகிச்சை பொருந்தும் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அதனைக் கருதலாம் என்றும் 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டி கூறுகின்றது. பொருந்துமா, பொருந்தாதா என்பதை முடிவு செய்வோர் வைத்தியர்களே.

இச்சிகிச்சை பிறந்த வரலாறு சுவையானது. 1881இல் வியன்னா நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் பில்ரொத், புற்றுநோய் கண்ட ஒரு பெண்மணியின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குடலோடு இணைத்து வெற்றி கண்டார். அதன்பின் வயிற்றுப்புண்ணுக்கும் இவ்வழியே கையாளப்பட்டது. வயிற்றுப்புண்ணுக்காகப் பாதி இரைப்பையை இழந்த நோயாளிகள் மீண்டும் பருப்பதில்லை என்பதை அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்து வைத்தியர் மேசன் கவனித்தார். ஒருவர்க்குத் துன்பமாக இருந்த அவ்விளைவையே மற்றொருவர்க்கு மருந்தாக்கலாம் என்று எண்ணி, 1966இல் அவரும் அவருடைய துணைவர் இற்றோவும் பருமனுக்கான இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினர். ஆகையால், புற்றுநோய்க்காகவோ பழைய வயிற்றுப்புண்ணுக்காகவோ இரைப்பையை இழந்து நம்மிடையே வாழ்வோர்க்கும் இங்கே கூறப்போவனவற்றிற் பெரும்பகுதி பயன்படும். ஆனால், எடையைக் காப்பதே அவர்களுடைய தேவை என்பதை மறத்தலாகாது.

இன்று பெரிதும் செய்யப்படுபவை இருவகை. முதல் வகையில், இரைப்பையின் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய் போல ஆக்கப்படுகின்றது. ஒரு லீற்றருக்கு மேல் விரிந்து கொள்ளும் இரைப்பை, அதன்பின் தொடக்கத்தில் ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவே கொள்ளும். இரண்டாம் வகையில், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகின்றது. கொள்ளளவு குறைவது மட்டுமே இதன் இரகசியம் அன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பை ஜப்பானிய அறிஞர்கள் 1999இற் கண்டறிந்தனர்; அது இரைப்பையின் மேற்பகுதியிலேயே மிகுதியாக உண்டாகின்றது. அப்பகுதி நீங்கும்பொழுது பசியும் தணிகின்றது. ஆகவே, சிகிச்சை பெற்றவர் குறைவாக உண்பது வீம்பும் அன்று, விரதமும் அன்று. அவருடைய உடலின் இயல்பே மாறியிருக்கின்றது. வீட்டார் முதலில் உணர வேண்டியது இதனையே.

இனி, வீடு திரும்பிய பின் உள்ள உணவு ஒழுங்கைப் பார்ப்போம். வைத்தியசாலையில் எழுதித் தரும் தாளே முதன்மையானது. பொதுவான வழி இதுதான். ஏறத்தாழ முதல் இரண்டு வாரங்கள் நீராகாரம்: நீர், வடித்த பருப்புச் சாறு, கொழுப்பு நீக்கிய பால், சீனி சேராத மோர். அடுத்த இரண்டு வாரங்கள் மசித்த உணவு: குழைய வேகவைத்துக் கடைந்த பருப்பு, மசித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன். ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு: அவித்த முட்டை, மீன், தயிர், வேகவைத்த பூசணி, கரட், சிறிதளவு குழைந்த சோறு. அதன்பின் வழக்கமான உணவிற்கு மெல்ல மெல்ல வரலாம். உட்தையல் ஆறுவதற்கு முன் கட்டியான உணவு சென்றால் பெருந்தீங்கு விளையக்கூடும். ஆதலால், இரண்டாம் வாரத்தில் உடல் தெளிந்துவிட்டது என்று ரொட்டியைப் பிட்டு வாயிலிடுவது பெருந்தவறு. நமது கோதுமை ரொட்டி இறுதி வரிசையில் வர வேண்டிய உணவு. மென்றாலும் பிசைந்த மாவாகத் திரண்டு சிறிய இரைப்பையின் வாயில் அது அடைத்துக்கொள்ளும். சிலர்க்குப் பல மாதங்கள் சென்ற பின்னும் அது ஒத்துக்கொள்வதில்லை.

உண்ணும் முறையும் மாற வேண்டும். ஒவ்வொரு கவளமும் சிறிதாக இருத்தல் வேண்டும். இருபது முறைக்குக் குறையாமல் மென்று விழுங்குதல் வேண்டும். நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம் தோன்றிய அக்கணமே கையை நிறுத்திவிட வேண்டும். தட்டில் எஞ்சியிருக்கும் ஒரு கவளத்தை வீணாக்கலாகாது என்று உண்டால், அந்த ஒரு கவளமே வாந்தியாக வெளிப்படும். உணவோடு நீர் பருகுதல் கூடாது. உண்ட பின் அரை மணி நேரமேனும் கழிய வேண்டும். அதே வேளையில், நாள் முழுவதிலும் மிடறு மிடறாக ஒன்றரை லீற்றர் வரை நீர் உட்செல்லவும் வேண்டும். குளிர்மிகுந்த மலைநாட்டிற் தாகம் எளிதில் தோன்றாது; ஆகவே தாகத்தை எதிர்பாராமற் பருக வேண்டும்.

சோறு நடுவே குவிய, கறி ஓரத்தில் நிற்பது நம் வழக்கம். சோற்றிற்குத் துணை கறி. சிகிச்சை பெற்றவர்க்கோ கறியே உணவு, சோறே துணை. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது அவருக்குத் தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உண்டு என்றால், ஒவ்வொரு கவளத்தையும் எவ்வளவு கருத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விளங்கும். முட்டை, மீன், நெத்தலி, பருப்பு, கடலை, சோயா, தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, பின்பு மரக்கறி, இடம் இருந்தால் இறுதியிற் சோறு என்பதே முறை. புரதம் குறைந்தால் தசை கரையும். மூன்றாம் மாதம் முதல் தலைமயிரும் மிகுதியாக உதிரும். ஓரளவு மயிர் உதிர்வது விரைந்த எடைக் குறைவினால் எவர்க்கும் நேர்வதே. அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

தேநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விடியலிற் பெரட்டுக்குப் போகும் முன் சீனியை அள்ளிப் போட்ட சாயத் தண்ணீர் குடிப்பது தோட்டத்து வழக்கம். சீனி விரைந்து குடலிற் பாயும்பொழுது, அரை மணிக்குள் நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, வயிறு முறுக்கிப் பேதியாகலாம். அல்லது ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, உடல் நடுங்கலாம். மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர்க்கு இது மிகுதி. ஆகவே, பனங்கட்டியும் சீனியும் தேநீரோடு விடைபெற வேண்டும். சீனி இல்லாத தேநீருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேயிலையின் துவர்ப்பு, உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாமற் தடுக்கின்றது. இரத்தச் சோகை ஏற்கெனவே பரவியிருக்கும் தோட்டப் பெண்களிடையே இது சிறிய செய்தி அன்று. இரும்பு மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கல்சிய மாத்திரையோ இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் விலகி நிற்க வேண்டும்.

மாத்திரைகள் என்றதும் மற்றொரு செய்தி நினைவிற்கு வருகின்றது. விற்றமின் பி 12 குடலிற் சேர்வதற்கு, இரைப்பை சுரக்கும் ஒரு பொருளின் துணை வேண்டும் என்பதை வைத்தியர் காசில் 1929 அளவில் விளக்கினார். அந்த விற்றமின் 1948இற் பிரித்தெடுக்கப்பட்டது. இரைப்பை குறைந்தால் அத்துணையும் குறைகின்றது. ஆனால் ஈரலிலே பல ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால், குறைபாடு உடனே தெரிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, 'நான் நலமாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையையும் ஊசியையும் கைவிட்ட பின்னரே, கால் மரத்தலும் சோர்வும் மறதியும் மெல்லத் தலைகாட்டுகின்றன. மரக்கறி மட்டும் உண்போர்க்கு இவ்வபாயம் இன்னும் அதிகம். பி 12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கொழும்பு நோக்கி ஏறத்தாழ 290 கிலோமீற்றர் புகையிரதத்திற் செல்ல இயலாதவர், கொழும்பில் தந்த குறிப்புத் தாளோடு பதுளையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் மருத்துவப் பிரிவை நாடிப் பரிசோதனைக்கு வழி கேட்கலாம். அத்தாளை இழத்தலாகாது.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. கூடை சுமந்து முதுகு நோகும்பொழுது கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளிற் பல, இச்சிறிய இரைப்பையிற் புண்ணை உண்டாக்கும். வைத்தியரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது. புகைத்தலும் அவ்வாறே தீங்கு. மது விரைவாக இரத்தத்திற் கலந்து விரைவாக மயக்கும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளின் அளவு சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் குறைக்கப்பட வேண்டியிருக்கும்; அதனை வைத்தியரே செய்ய வேண்டும். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுத்தல் நன்று. காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, கடும் வயிற்றுவலி, கறுத்த மலம், நீரும் தங்காத வாந்தி ஆகிய இவற்றில் எது தோன்றினும், தோட்டத்து டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் வாந்தி விற்றமின் பி 1ஐக் குறைத்து, மூளைக்கும் நரம்புக்கும் நிலையான கேடு செய்ய வல்லது.

இவை யாவற்றையும் ஒருவர் தனியே செய்துவிட முடியாது. மூன்று வேளை உணவு, ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிய வேண்டும். கொழுந்து மலைக்குச் செல்பவர் ஒரு சிறு டப்பாவில் அவித்த கடலையோ முட்டையோ கொண்டு செல்லவும், இடையில் ஐந்து நிமிடம் அமர்ந்து உண்ணவும் கங்காணிமார் இடந்தர வேண்டும். வைத்தியர் அனுமதிக்கும் வரை பாரம் தூக்கும் வேலையைத் தரலாகாது. விருந்தினரை வற்புறுத்தி உண்ணச் செய்வது நமது பண்பு. "இன்னும் ஒரு கரண்டி வையுங்கள் அக்கா", "இப்படிக் கொறித்தால் உடம்பு என்னத்துக்காகும் மகளே" என்ற சொற்கள் அன்பிலே பிறந்தவையே. ஆயினும் அவை இங்கே துன்பமாக முடிகின்றன. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அவருடைய இலையிற் சிறிதே பரிமாறி, அருகே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் உண்மையான உபசாரம். அவருக்கென்று வேறு சமையல் வேண்டுவதில்லை. பருப்பும் கீரையும் முட்டையும் மிகுந்து, சீனியும் மாவும் குறைந்த அதே உணவு, அவ்வீட்டு மெலிந்த பிள்ளைக்கும் ஏற்றதே. பிள்ளைக்கு அளவு மட்டுமே கூடும்.

முதல் ஆண்டில் எடை விரைந்து குறையும்; ஒன்றரை ஆண்டளவில் அது நின்றுவிடும்; சிறிது திரும்பவும் கூடும். அதனைக் கண்டு மனந்தளர வேண்டுவதில்லை. நடையும் உணவொழுங்கும் அதற்குப் பின்னரும் தொடர்ந்தால் பயன் நிலைக்கும். திருவள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்திற் பெரும்பாலும் பேசுவது உணவின் அளவைப் பற்றியே. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்டால் மருந்தே வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. சத்திரசிகிச்சை அந்த அளவைச் சிறிதாக்கித் தருகின்றது; அதனை அறிந்து உண்ணும் பழக்கத்தை உண்பவரும், உணவு பரிமாறுபவரும் சேர்ந்தே பழக வேண்டும்.