ஆவாரம்பூவில் வண்டுக்கு என்ன வேலை?

பூவைத் தேடி வண்டு எதற்கு வருகிறது? தேனுக்குத்தானே என்பீர்கள். ஆனால் ரோட்டோரத்திலும் காய்ந்த தரிசிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரம்பூவில் தேனே கிடையாது. அப்புறம் எதற்கு அந்தப் பெரிய கருவண்டு விடாமல் அதையே சுற்றுகிறது?

மகரந்தத்துக்காகத்தான். அதுவும் லேசில் கிடைக்காது. பல பூக்களில் மகரந்தப் பை நெடுக வெடித்து, தூள் தானே வெளியே வந்துவிடும். ஆவாரையிலோ பையின் நுனியில் பொடி ஓட்டைதான் இருக்கும். மூடியில் ஓட்டை போட்ட உப்பு டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும்.

கருவண்டுக்கு அந்த வித்தை தெரியும். பூவைக் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சிறகு அடிப்பதில்லை, பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவிடுகிறது. விர்ர்ர்... புகை மாதிரி மகரந்தம் பீய்ச்சிக்கொண்டு வருகிறது!

பூவும் சும்மா இல்லை, கெட்டிக்காரப் பூ. மகரந்தப் பையோடு கூடிய இழைதான் கேசரம். குட்டைக் கேசரங்களின் மகரந்தம் வண்டின் சாப்பாட்டுக்கு. நீண்டு வளைந்த கேசரங்களோ, வண்டின் உடம்பில் அதன் கால் எளிதில் எட்டாத இடமாகப் பார்த்துத் தூளைப் பூசிவிடுகின்றன. அடுத்த பூவுக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு அது.

கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறிக்கப் போவீர்கள் அல்லவா? பறிக்கும் முன் கொஞ்சம் காது கொடுங்கள். வண்டு பறக்கும்போது ஒரு சுருதி. பூவில் உட்கார்ந்து குலுக்கும்போது, அதைவிட உச்சத்தில் இன்னொரு சுருதி!