டிகிரியும் விமானி லைசென்ஸும்: சில சந்தேகங்கள், விளக்கங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் விமான நிலையம் திருவனந்தபுரம்தான். 1935-லேயே டாடா நிறுவனத்தின் தபால் விமானம் வந்து இறங்கிய ஊர் அது. கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி அங்கே விமான நிலையத்தை ஒட்டி இயங்குகிறது. கேரள விளையாட்டுத் துறைக்கு அடித்தளம் போட்ட கர்னல் ஜி.வி. ராஜா தானும் விமானம் ஓட்டியவர். அவர் முயற்சியில் எழுந்த ஃப்ளையிங் கிளப்பே பிற்பாடு இந்த அகாடமியாக வளர்ந்தது. நாகர்கோவிலில் இருந்து இரண்டு மணி நேரப் பயணம் என்பதால் பிளஸ் டூ முடித்த தமிழ்ப் பிள்ளைகளும் விசாரித்துப் போகிறார்கள். கல்லூரியையும் விட மனமில்லை, விமானத்தையும் விட மனமில்லை என்று தவிக்கும் வீடுகளுக்காக இந்த விளக்கங்கள்.

விமானி ஆக டிகிரி கட்டாயமா?

இல்லை. வணிக விமானி லைசென்ஸான சிபிஎல்லை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ. அது கேட்பவை: 18 வயது, இயற்பியலும் கணிதமும் படித்த பிளஸ் டூ தேர்ச்சி, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறப்பு. பட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. விமான நிறுவனங்களும் துணை விமானி வேலைக்குப் பொதுவாக பிளஸ் டூவையே அடிப்படைத் தகுதியாக வைக்கின்றன.

அப்படியானால் டிகிரி எதற்கு?

விமானியின் வேலை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு மருத்துவச் சான்றில் தொங்குகிறது. நாற்பது வயதில் இதயத்திலோ காதிலோ ஒரு கோளாறு வந்தால் பல ஆண்டு அனுபவம் இருந்தும் விமானத்தில் ஏற முடியாமல் போகலாம். உடம்பு நன்றாக இருந்தாலும் கம்பெனி நிலைக்க வேண்டும். 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். இடையில் 2020-ல் கொரோனா வந்து உலகம் முழுவதும் விமானங்களைத் தரையில் நிறுத்தியது. இதில் எதுவும் விமானிகளின் தவறால் நடந்ததல்ல. அப்படிப்பட்ட நாளில் வேறொரு வேலைக்கு விண்ணப்பிக்க பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் என்ன செய்வது? டிகிரி வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பி.எஸ்சி. ஏவியேஷன் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும் என்கிறார்களே?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பி.எஸ்சி. ஏவியேஷன், பிபிஏ ஏவியேஷன் என்று எத்தனையோ படிப்புகள் விளம்பரமாகின்றன. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் தன்னால் லைசென்ஸ் ஆகாது. பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம், லைசென்ஸைத் தருவது டிஜிசிஏ. படிப்புக் கட்டணத்துக்குள் பறப்பு மணி நேரம் அடங்குமா, எந்தப் பயிற்சி நிறுவனத்தில் பறக்கப் போகிறோம், அதற்கு டிஜிசிஏ அங்கீகாரம் உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஒழுங்காக இணைத்து நடத்தும் இடமும் உண்டு. உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் விரும்புவோர் பறப்புப் பயிற்சியுடன் சேர்த்து பி.எஸ்சி. ஏவியேஷனும் படிக்கலாம்.

ஏவியேஷன் பட்டம் வேலையில் முன்னுரிமை தரும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்கே விமான நிறுவன விமானிக்கான லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானப் படிப்பில் பட்டம் பெற்றவர்களுக்கு அது 1,000 மணி நேரமாகக் குறைகிறது. ஆகவே அந்த நாட்டில் பட்டத்துக்கு ஒரு நேரடிப் பலன் இருக்கிறது. இந்தியாவில் அந்தச் சலுகை இல்லை. கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு யாராக இருந்தாலும் 1,500 மணி நேரம்.

என் கருத்து இதுதான்: பாதுகாப்புக்காகத்தான் பட்டம் என்றால் அது விமானத் துறைக்கு வெளியேயும் செல்லுபடியாக வேண்டும். விமானத் துறை படுக்கும் நாளில் ஏவியேஷன் பட்டமும் கூடவே படுத்துவிடும். பி.காம்., கணிதம், கணினி அறிவியல், பொருளாதாரம் என்று தனியே நிற்கும் பாடமாகத் தேர்ந்தெடுங்கள்.

காலேஜுக்குப் போய்க்கொண்டே பறக்க முடியுமா?

சட்டப்படி தடை இல்லை. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளுக்கே அனுமதி தந்துவிட்டது. லைசென்ஸ் பயிற்சி பல்கலைக்கழகப் பட்டமே அல்ல என்பதால் அந்தக் கேள்விகூட எழாது. இடிப்பது நேரம்தான். கல்லூரிக்கு 75 சதவீத வருகை வேண்டும். பறப்போ காற்றையும் மேகத்தையும் பார்த்து நடப்பது. திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பயணிகள் விமானங்கள் வந்துபோகும் பன்னாட்டு நிலையம் என்பதால் பயிற்சி விமானம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது, ஆண்டுக்கு இரண்டு முறை, சில மணி நேரம் விமான நிலையமே மூடப்படும். காலையில் வானம் தெளிந்திருக்கும்போது வகுப்பில் உட்கார்ந்திருந்து, மாலை மழையில் அகாடமிக்குப் போய் நிற்பதில் பயனில்லை.

பறப்பதில் விட்டு விட்டுப் பழகுவதும் நல்லதல்ல. இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால் கை மறந்துவிடும். மறந்ததை மீண்டும் பழகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

வேறு எப்படிச் சேர்ப்பது?

நேரத்தைப் பிரிப்பதுதான் வழி. டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகளை, அதாவது விமான வழிநடத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகியவற்றை, கல்லூரி மாணவராக இருக்கும்போதே எழுதலாம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். அதைத் தாண்டுவது சுலபமல்ல, ஆனால் மாலை நேரப் படிப்பால் முடியும். கல்லூரி முடிந்ததும் பறப்பை முழு நேரமாக ஒரே மூச்சில் முடிப்பது ஒரு முறை.

இன்னொன்று, பறப்பை முதலில் தொடங்கி, பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் படிப்பது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பி.ஏ., பி.காம். போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பயிற்சி ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பட்டம் கையைவிட்டுப் போகாது. கொல்லத்தில் ஸ்ரீ நாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழில் படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

எந்த வழியானாலும் ஒரு விதியை மறக்கக் கூடாது. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் பறந்த மணி நேரமே அந்த 200-க்குக் கணக்கு. முதல் ஆண்டில் கொஞ்சம் பறந்து, பட்டம் முடியட்டும் என்று நிறுத்தி, நிதானமாகத் திரும்பி வந்தால் பழைய மணி நேரம் வீணாகக்கூடும்.

காமர்ஸ் படித்தவர் என்ன செய்வது?

என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், கணிதம் இரண்டு பாடங்களை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் எழுதித் தேறலாம். டிஜிசிஏ அதை ஏற்கிறது.

முதல் வேலையாக எதைச் செய்ய வேண்டும்?

மருத்துவப் பரிசோதனை. கல்லூரி விண்ணப்பத்துக்கும் ஃப்ளையிங் ஸ்கூல் கட்டணத்துக்கும் முன்பே. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு முதல் வகுப்பு. நமக்கு அருகில் அதற்குப் பெயர்பெற்ற மையம் பெங்களூருவில் உள்ள விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். கண்ணாடி போடுவது மட்டுமே தடையாகாது, கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்கு வந்தால் போதும். நிறம் பிரித்தறியும் சோதனையில் தவறுபவர்கள் உண்டு. அதைப் பதினேழு வயதில் தெரிந்துகொள்வது வலிக்கும். லட்சக்கணக்கில் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது குடும்பத்தையே சாய்க்கும்.

பணம்?

இந்தியாவில் சிபிஎல் பயிற்சிக்கு ஐம்பது லட்சம் ரூபாயை ஒட்டி ஆகிறது. ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தனிச் செலவு. டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிக்கு வங்கிக் கல்விக் கடன் உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். பட்டியலினத்தவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் விமானி பயிற்சியையும் சேர்த்துக்கொள்கிறது. கேரள அரசு 'விங்ஸ்' என்ற திட்டத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்களைத் திருவனந்தபுரம் அகாடமியில் பயிற்சிக்கு அனுப்பியது. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறக்க வேண்டுமானால் ஒவ்வொரு மாநிலமும் அப்படிச் செய்தாக வேண்டும். மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் நிறுவனத்திடம், பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை கேளுங்கள். 2025 முதல் டிஜிசிஏ பயிற்சி நிறுவனங்களுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. முதல் பட்டியலில் மிக உயர்ந்த இரண்டு தரங்கள் ஒரு நிறுவனத்துக்கும் கிடைக்கவில்லை. பார்த்துவிட்டுச் சேருங்கள்.

விமானப் படைக்கும் இதே விதிகளா?

இல்லை. அங்கே தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்டிஏ வழியாக பிளஸ் டூ முடித்தவுடன் போகலாம். விமானப் படையின் பொதுச் சேர்க்கைத் தேர்வான ஏஎஃப்கேட் வழியாகப் போக டிகிரி கட்டாயம். பறக்கும் பிரிவுக்கு ஏஎஃப்கேட் வயது வரம்பு 24. செல்லுபடியாகும் சிபிஎல் கையில் இருந்தால் 26 வரை விண்ணப்பிக்கலாம். டிகிரி, லைசென்ஸ் இரண்டும் வைத்திருப்பவருக்கே அந்த இரண்டு ஆண்டுச் சலுகை பயன்படும்.