ஆறு எழுத்தில் ஓர் ஊர்



காட்பாடியிலிருந்து வடக்கே செல்லும் இரயில், சித்தூரைக் கடந்து திருப்பதியை அடையுமுன் ஒரு சந்திப்பு நிலையத்தில் நிற்கும். தருமவரம் செல்லும் பாதை அங்கேதான் பிரிகிறது. அவ்வூரின் பெயர் பாகாலா. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ளது.

அவ்வூரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஆறு எழுத்துக்கள் போதும்: பி, ஏ, கே, ஏ, எல், ஏ. ஆறில் மூன்று ஒரே எழுத்து. அம்மூன்றையும் எவ்வாறு ஒலிப்பது? பகலா என்பதா, பகாலா என்பதா, பாகலா என்பதா? ஒவ்வொரு ‘ஏ’யையும் குறிலாகவோ நெடிலாகவோ கொள்ளலாம், ஆக 8 வகை. ‘எல்’ என்னும் எழுத்தை ல, ள, ழ என்னும் மூன்றனுள் எதற்கும் சிலர் எழுதுவதுண்டு; அதையுங் கூட்டினால் 24 வகை. ஊரை முன்பே அறிந்தவர்க்கு ஐயமில்லை. அறியாதவர்க்கு அவ்வெழுத்துக்கள் உதவுவதில்லை.

இதன் காரணம் யாது? தமிழில் உயிரெழுத்துக்கள் 12. அவற்றுள் குறில் 5, நெடில் 7. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரையாவது கண்ணிமைக்கும் அளவு, அல்லது கைநொடிக்கும் அளவு. அவ்வளவு சிறிய காலவேறுபாடே நம் மொழியில் பொருளை மாற்றிவிடுகிறது. கல் வேறு, கால் வேறு. பல் வேறு, பால் வேறு.

ஆங்கிலமோ வேறு வழியிற் செல்வது. அங்கே சொல்லின் ஓரசை அழுத்தம் பெறும்; ஏனைய அசைகள் பெரும்பாலும் தேய்ந்து ஒலிக்கும். பாகாலாவைப் போலவே இரண்டாம், நான்காம், ஆறாம் இடங்களில் ‘ஏ’ நிற்கும் ஆறெழுத்துச் சொற்கள் சிலவற்றைக் காண்போம். வாழைப்பழத்தைக் குறிக்கும் ‘பனானா’ என்ற சொல்லில் நடு அசையே அழுத்தம் பெற்று நீளும். முதலும் ஈறும் தேயும். கனடா என்னும் நாட்டின் பெயரிலோ முதலசை அழுத்தம் பெறும். மற்ற இரண்டும் தேயும். பப்பாளியைக் குறிக்கும் சொல்லில் நடுவிலுள்ள ‘ஏ’, அடுத்த எழுத்தோடு சேர்ந்து ஐகாரம்போல் ஒலிக்கும். நாம் மலாயா என்று எழுதிய நாட்டை ஆங்கிலேயர் மலேயா என்றனர். எழுத்தமைப்பு ஒன்றே; ஒலிப்பு நான்கு. ஆங்கிலம் பேசுவோர் சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள், ஆதலின் இடர்ப்படுவதில்லை. நம் ஊர்ப்பெயர்களை அவர்கள் கேட்டதில்லை அன்றோ!

குறையை அறிஞர் உணராமலில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹண்டர் என்பவர் இந்தியப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரே சீராக எழுத முறை வகுத்தார். நெடிலுக்கு எழுத்தின் மேல் சிறு குறியிடும் வழக்கம் அறிஞரிடையே வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியிலும் ஆங்கில எழுத்துப் பெயர்ப்பில் அக்குறி இடம்பெற்றது. ஆனால், அன்றாட அலுவல்களில் அச்சிறு கோடு உதிர்ந்துவிட்டது. கோடு போனது, அதனோடு ஒரு மாத்திரையும் போயிற்று.

நம் எழுத்தும் குறையற்றதன்று. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் ககரம் மெலிந்து ஒலிக்கும். தெலுங்கில் இவ்வூர்ப்பெயரில் உள்ளதோ வல்லொலி. அதைக் காட்டவேண்டின் பாக்காலா என ஒற்றிட்டு எழுதவேண்டும். மேலும், தெலுங்கில் இப்பெயரின் இறுதி எழுத்து குறில். ஆந்திர என்பதை ஆந்திரா என்பதுபோல, ஈற்றை நீட்டுவது நம் வழக்கம். எந்த எழுத்தும் தன் மொழிக்கென அமைந்தது. பிறமொழிப் பெயரை அது முழுமையாகத் தாங்குவதில்லை.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இஃது இலக்கண ஆராய்ச்சி மட்டுமன்று. புணேயிலோ தில்லியிலோ வளரும் குழந்தை, தன் பாட்டனார் ஊரையும் பாட்டியின் பெயரையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே காண்கிறது. படம், பாடம், பதம், பாதம் நான்கும் அங்கே ஒரே ஐந்தெழுத்தாய் நிற்கும். கடலுக்கும் காதலுக்குங்கூட வேற்றுமை தோன்றாது. சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒருவர் இருக்கும்வரை குற்றமில்லை. அவர் குரல் ஓய்ந்தபின், ஏட்டிலுள்ள எழுத்து மட்டுமே எஞ்சும். அதிலிருந்து பெயரை மீட்டெடுத்தல் அரிது.

செய்யத்தக்கவை எளியவை. பள்ளிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பதிவான ஆங்கில எழுத்துக்களை இடையில் மாற்றவேண்டா. ஏட்டுக்கு ஏடு வேறுபட்டால் தொல்லையே விளையும். பிறருக்கு ஒலிப்பை உணர்த்தவேண்டிய இடத்தில் மட்டும் நெடிலுக்கு ‘ஏ’யை இரட்டித்து எழுதிக் காட்டலாம். எல்லாவற்றினும் மேலாக, ஒரு தாளில் குடும்பத்தார் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் தமிழில் எழுதி, குழந்தைகளை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். நெடில் வருமிடத்தில் இரண்டு மாத்திரை ஒலிக்கட்டும். கண்ணிமைக்கும் நேரந்தான் வேறுபாடு; ஆயினும் ஊரின் பெயர் அதில்தான் இருக்கிறது.