சித்தாள் எப்போது கொத்தனார் ஆவது?



நாரணாபுரம் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "கட்டட வேலையில கூலி ஏறிருச்சுங்கறாங்க. எங்க கைக்கு மட்டும் ஏன் வரல?" எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

பட்டாசு வேலை இல்லாத நாளில் நம்மில் பலருக்குக் கை கொடுப்பது கட்டட வேலைதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்ததை மறக்க முடியுமா?

கூலி ஏறியது உண்மை. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி, 2021-22ல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி தமிழ்நாட்டில் சுமார் 478 ரூபாய். கேரளாவில் 837. இந்தியா முழுவதற்கும் சராசரி 373. அதனால்தான் வடமாநிலத்தார் இங்கே வருகிறார்கள். நம்மவர்கள் கேரளா போகிறார்கள். ஆனால் இது ஆண்களின் கூலிக் கணக்கு!

பெண்ணுக்கு ஏன் குறைவு? நிமிந்தாளாக வரும் பையன் சில வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிறான். பிறகு மேஸ்திரி. அவனோடு சேர்ந்து சாந்துச்சட்டி தூக்கிய பெண், இருபது வருஷம் ஆனாலும் சித்தாள்தான். கொத்து வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்தது. 2019ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஆனால் "அது நிமிந்தாள் வேலை, இது சித்தாள் வேலை" என்று பெயரைப் பிரித்துவிட்டால் சட்டம் எப்படி உதவும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாளைக்கு 300 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 150 நாள் வேலை என்றால் 45,000 ரூபாய். குழுவில் கடன் கேட்கும் தொகையே அவ்வளவு இருக்காது!

நாம் செய்யக்கூடியவை:

1. பூச்சு வேலை, டைல்ஸ் பதித்தல், பெயிண்டிங் பயிற்சி வேண்டும் என்று குழுத் தீர்மானம் எழுதிக் கூட்டமைப்புக்குக் கொடுங்கள்.

2. வேலை செய்த நாள், வாங்கிய கூலி இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள். கூலி பேச அதுவே ஆதாரம்.

3. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். 1994ல் அமைந்த வாரியம் இது. 18 முதல் 60 வயது வரை சேரலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. புதுப்பிக்க மறந்தால் உதவி கிடைப்பது சிரமம். கட்டட மதிப்பில் நூற்றுக்கு ஒரு ரூபாய் இந்த வாரியத்துக்குப் போகிறது. அது நம் உழைப்பால் வந்த பணம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உங்கள் குழுவில் எத்தனை பேர் கட்டட வேலைக்குப் போகிறார்கள்? அதில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.